முதல் போர்டு: ஊனோவா, ஈஎஸ்பி32-ஆ?

தொட்டிச்செடி: வணக்கம். சி நிரல் ஓரளவு எழுத வரும், எலக்ட்ரானிக்ஸ் புதுசு. தொட்டி மண் காய்ந்தால் 5 வோல்ட் குட்டி பம்ப் தானாக ஓடணும். கெப்பாசிட்டிவ் மண் ஈர சென்சார் கையில் இருக்கு. ஆர்டுயினோ ஊனோ, வைஃபை உள்ள ஈஎஸ்பி32, இந்த ரெண்டு கன்ட்ரோலர் போர்டில் எது வாங்கலாம்?

ஓம்விதி: கண்ணை மூடிக்கொண்டு ஊனோ ஆர்3 வாங்குங்க. அதிலும் சிப் சாக்கெட்டில் உட்காரும் வகை. ஏதாவது ஷார்ட் ஆகி அதன் மூளையான ஏடிமெகா328பி சிப் போய்விட்டால், பூட்லோடர் (கணினியிலிருந்து நிரலை வாங்கிக்கும் குட்டி நிரல்) ஏற்றிய சிப் மட்டும் வாங்கி மாட்டிக்கலாம். ஒரு பின்னில் 20 மில்லியாம்ப் எடுக்கலாம், எல்லாமே 5 வோல்ட். ஈஎஸ்பி32 பின்கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் உள்ளே போனால் பின் போச்சு. புதுசா வர்றவங்க வயரை மாற்றித்தான் குத்துவாங்க.

வைஃபைவாசி: 2 கேபி ரேம் என்பதை மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களே! 128x64 ஓஎல்இடி திரை ஒன்று மாட்டினால் திரையில் வரும் படத்தை வைத்திருக்கும் லைப்ரரி பஃபரே 1024 பைட், பாதி ரேம் காலி. ஈஎஸ்பி32-இல் 520 கேபி. மண் ஈரத்தை இன்னிக்கு கணினியின் சீரியல் மானிட்டரில் பார்ப்பவர் நாளைக்கு போனில் பார்க்கணும் என்பார். அப்போ இன்னொரு போர்டா? அவர் சென்சார் 3 வோல்ட் அளவுக்குத்தான் வெளியே விடும். 5 வோல்ட் பயமே இங்க இல்லை.

ஓம்விதி: அந்த சென்சாரில் இருக்கும் சிப் பெயரைப் படிக்கச் சொல்லுங்க. டிஎல்சி555 என்றால் 3.3 வோல்ட்டில் ஓடும். மலிவுப் பலகைகளில் என்இ555 வருது, அதுக்கு 4.5 வோல்ட்டாவது வேணும். 3.3 கொடுத்தால் ஏதோ ஒரு எண் வரும், மண்ணை நனைத்தாலும் அசையாது. புதியவர் நிரலில்தான் தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடுவார். அப்புறம் ஈஎஸ்பி32-இன் ஏடிசி2 (அனலாக் வோல்ட்டேஜை எண்ணாக்கும் இரண்டாவது பகுதி) கதை. வைஃபை ஓடும்போது 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 வரை எதிலும் அனலாக் படிக்க முடியாது. 12-ஆம் பின் பூட் ஆகும்போது ஹை-ஆக இருந்தால் போர்டே எழாது. முதல் நாளே இத்தனையுமா?

வைஃபைவாசி: சென்சாரை அந்தப் பட்டியலில் இல்லாத 34-இல் மாட்டுங்க, பம்ப் கன்ட்ரோலை 26-இல் மாட்டுங்க, அதுக்கு அனலாக் வேண்டாம். இரண்டே வரி, முடிஞ்சுது. 6 முதல் 11 வரை நிரல் இருக்கும் ஃப்ளாஷ் மெமரிக்குப் போகுது, தொடாதீங்க. அப்லோடில் 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடினால் பூட் பட்டனை அழுத்திப் பிடிங்க. இன்னொன்று: 38 பின் போர்டு வாங்காதீங்க, பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் வயர் குத்தும் ஓட்டைப் பலகை) ஒரு பக்கம் ஓட்டையே மிஞ்சாது. 30 பின் போதும்.

பிரெட்போர்டு: நீங்க ரெண்டு பேரும் பம்பை மறந்துட்டீங்க. இவர் மாட்டப்போவது அங்கேதான், எந்த போர்டாக இருந்தாலும். பம்பை நேராக பின்னில் கொடுக்கக் கூடாது. 20 மில்லியாம்ப் எங்கே, 150, 200 இழுக்கும் மோட்டார் எங்கே. போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தும் வேண்டாம். மோட்டார் கிளம்பும் கணத்தில் வோல்ட்டேஜ் இறங்கும், போர்டு ரீசெட் ஆகும், மண் காய்ந்திருக்கே என்று மறுபடி பம்பைப் போடும், மறுபடி ரீசெட். 'டிக் டிக்'கென்று இதே சுற்று. ஈஎஸ்பி32-இல் 'பிரவுன்அவுட்' (வோல்ட்டேஜ் இறங்கிப்போச்சு) என்று எழுதிக் காட்டும், ஊனோ அதுவும் சொல்லாது.

பம்புக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர். நடுவில் சுவிட்சாக 2என்2222 டிரான்சிஸ்டர்; போர்டின் பின்னுக்கும் அதன் பேஸ் காலுக்கும் நடுவில் ஈஎஸ்பி32 என்றால் 220 ஓம், ஊனோ என்றால் 330 ஓம் ரெசிஸ்டர். பம்பின் இரு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். அடாப்டர் கிரவுண்டும் போர்டு கிரவுண்டும் சேரணும், இதை விட்டால் டிரான்சிஸ்டர் ஆன் ஆகவே ஆகாது.

ஓம்விதி: இது சரியான பேச்சு. ஆனா இன்னொன்றும் இருக்கு, வாசி. ஈஎஸ்பி32-இன் ஆர்டுயினோ கோர் (போர்டுக்கான மென்பொருள் தொகுப்பு) 3 வந்ததும் பிடபிள்யூஎம் (வேகம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் துடிப்பு) அமைக்கும் 'எல்இடிசிசெட்அப்' ஃபங்ஷனையே எடுத்துட்டாங்க. பழைய பாடத்தைப் பார்த்து எழுதினால் கம்பைல் ஆகாது. ஊனோவுக்குப் பத்து வருஷம் முந்தி எழுதிய பிளிங்க் (விளக்கை மினுக்கும் நிரல்) இன்னிக்கும் அப்படியே ஏறும்.

வைஃபைவாசி: ஆர்டுயினோ மென்பொருளின் போர்ட்ஸ் மேனேஜரில் (போர்டுகளின் பட்டியல்) கோர் 2-ஆம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பழையதும் ஓடும். இவருக்கு பிடபிள்யூஎம்மே தேவையில்லை, பம்ப் ஆன் அல்லது ஆஃப்.

தொட்டிச்செடி: சிப்பைப் பார்த்தேன், என்இ555. வீட்டு வைஃபை இப்போதைக்கு வேண்டாம்.

ஓம்விதி: அப்போ ஊனோதான். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து அனலாக் பின் ஏ0-வில் மாட்டுங்க. மலிவு ஊனோ என்றால் அதன் யூஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவரைக் கணினியில் போடணும். கணினியில் யூஎஸ்பி போர்ட் மெனுவில் ஒன்றுமே வரலையா, முதலில் கேபிளை மாற்றுங்க, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா வயர் இருக்காது. 0, 1 பின்களில் எதுவும் குத்தாதீங்க, அப்லோட் 'நாட் இன் சிங்க்' என்று நிற்கும்.

வைஃபைவாசி: இந்த சென்சாருக்கு ஒத்துக்கறேன். டிஎல்சி555 வாங்கினால் திரும்ப வாங்க. எந்த போர்டோ, காற்றில் ஒரு அளவு, சென்சாரில் போட்டிருக்கும் கோடு வரை தண்ணீரில் முக்கி ஒரு அளவு எடுத்துக்குங்க. காய்ந்தால் எண் ஏறும், நனைந்தால் இறங்கும். பம்ப் போட ஒரு எல்லை, நிறுத்த அதைவிடக் குறைவான இன்னொரு எல்லை. ஒரே எண்ணை வைத்தால் அந்த இடத்தில் பம்ப் துடிச்சுக்கிட்டே இருக்கும்.

பிரெட்போர்டு: ஈர அளவு என்ன சொன்னாலும், பம்ப் 10 நொடிக்கு மேல் ஒரே மூச்சில் ஓடக் கூடாது என்றும் ஒரு வரி போடுங்க. சென்சார் தொட்டியிலிருந்து கழன்று விழுந்தால் காற்றைக் காய்ந்த மண் என்று படிக்கும்.