நீண்ட விடுமுறையில் சிங்கப்பூர்க் கரைகள்: ஓதம் பார்த்துப் புறப்பட்ட அனுபவம்

சிங்கப்பூருக்கு வரும் உறவினர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போவதென்றால் நம்மில் பெரும்பாலோர் செந்தோசாவோடு நிறுத்திக்கொள்கிறோம். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரும் வடக்கு தெற்காக 27 கிலோமீட்டரும் மட்டுமே உள்ள இந்தத் தீவில், ஒரு கரைக்கும் இன்னொரு கரைக்கும் இருக்கும் வேறுபாட்டை இங்கேயே பல ஆண்டுகள் வாழ்பவர்களும் முழுமையாக அறிந்திருப்பதில்லை. கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நாகப்பட்டினத்திலிருந்து என் அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்து, நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். காரில்லாத குடும்பம் எங்களுடையது. பேருந்து, பெருவிரைவு ரயில், படகு, வாடகை மிதிவண்டி ஆகியவற்றை நம்பியே எல்லாக் கரைகளுக்கும் சென்றுவந்தோம். நீண்ட விடுமுறைக்குத் திட்டமிடுபவர்களுக்கு உதவும் என்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல். எந்தக் கரைக்குப் போகலாம், எந்தப் பேருந்தைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அத்தான் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். இங்குள்ள கடலில் அலையே இல்லாததைக் கண்டு வந்த அன்றே வியந்தார். மலாய்த் தீபகற்பமும் சுமத்ராவும் ரியாவ் தீவுகளும் சூழ்ந்து நிற்பதால் பெருங்கடலின் அலைகள் சிங்கப்பூர்க் கரையை எட்டுவதில்லை. ஆனால் ஓதத்தின் ஏற்ற இறக்கம் இங்கு அதிகம். நாகையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு என்றால், இங்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மூன்று மீட்டரை நெருங்குகிறது. காலையில் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த நீர் மாலையில் வெகுதூரம் விலகி, மணல் திட்டும் கடற்புல் வெளியுமாகத் தரை தெரிவது இதனால்தான். வீட்டிலிருந்த தமிழ் நாள்காட்டியில் அமாவாசையையும் பௌர்ணமியையும் அத்தான் வட்டமிட்டுக் கொடுக்க, இணையத்தில் கிடைக்கும் ஓத அட்டவணையில் அவற்றை அடுத்துவரும் ஓரிரு நாள்களின் நேரங்களை நான் குறித்துக்கொண்டேன். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் வேளைகளைக் கரை நடைக்கும், நீர் நிறைந்திருக்கும் வேளைகளைக் குளிப்பதற்கும் ஒதுக்கினோம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் என்பதால் மழை பல முறை குறுக்கிட்டது. இடி கேட்டால் திறந்த கரையில் ஒரு நொடியும் நிற்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம்.

ஆண்டிறுதியில் வருபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்த மாதங்களில் மிகத் தாழ்ந்த ஓதம் மாலையிலும் முன்னிரவிலும் வருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள மிக எளிதான இடம் தீவின் கிழக்கு முனையிலுள்ள சாங்கி. தானா மேரா பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால், உணவங்காடி நிலையம், படகுத்துறை, கடற்கரை ஆகிய மூன்றும் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. 1946இல் தோன்றிய ஸ்ரீ ராமர் ஆலயமும் அதே சாலையில்தான் இருக்கிறது. மாலைப் பூசையைக் கண்டு, உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் கைவிளக்குகளோடு கரையில் இறங்கினோம். செருப்போடு இறங்கக்கூடாது, தடித்த அடிப்பாகமுள்ள மூடிய காலணி கட்டாயம் தேவை. நச்சு முள் கொண்ட கல்மீனும் திருக்கையும் கணுக்கால் ஆழ நீரில்கூடக் கிடக்கும். மிதித்துவிட்டால் விடுமுறை மருத்துவமனையில்தான் கழியும்.

அங்கே ஒரு தன்னார்வலர் குழுவினர் கரையோர உயிர்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவர் எங்கள் பிள்ளைகளை அருகில் அழைத்து, தம் காலடித் தடத்திலேயே வரிசையாக நடக்கச் சொன்னார். கடற்புல்லின் மீது கால் வைக்கக்கூடாது, எதையும் கையில் எடுக்கக்கூடாது, விளக்கொளியை ஒரே உயிரின் மீது நெடுநேரம் பாய்ச்சக்கூடாது என்ற மூன்றையும் அவர் பொறுமையாக விளக்கினார். சில அடிகள் சென்றதும் விரித்துப்போட்ட கம்பளத் துண்டு போல ஒரு கடல் சாமந்தி மணலோடு மணலாகக் கிடந்தது. அதன் உணர்கொம்புகளுக்கிடையே கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சிறிய இறால் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அதன் உடலிலிருந்த வெண்புள்ளிகள் மட்டுமே அது அங்கிருப்பதைக் காட்டிக்கொடுத்தன. சற்றுத் தள்ளி ஐந்து கைகள் கொண்ட மணல் நட்சத்திரம் ஒன்று, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உடலை அசைக்காமல் அப்படியே மணலுக்குள் இறங்கி மறைந்தது. அதன் அடிப்பக்கத்திலுள்ள நுண்ணிய குழாய்க் கால்கள் மணலைப் பக்கவாட்டில் தள்ளுவதால்தான் அவ்வாறு இறங்க முடிகிறது என்று ஆசிரியை சொன்னார். நாகையில் எத்தனையோ முறை வலையில் வந்த மீன்களைப் பார்த்திருந்தும், இவற்றை உயிரோடு அவற்றின் இடத்திலேயே பார்த்ததில்லை என்று அத்தான் பின்னர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சாங்கிக் கரைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியப் படையினர் 66 சீன ஆடவர்களை அந்தக் கரையில் நிறுத்திச் சுட்டுக்கொன்றார்கள். அதற்கான நினைவுக் குறியீடு பூங்காவில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒரு முறை வந்து அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அதே படகுத்துறையிலிருந்துதான் புலாவ் உபின் தீவுக்கும் போக வேண்டும். பம்போட் எனப்படும் சிறு மரப்படகில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். நேர அட்டவணை கிடையாது. ஆளுக்கு நான்கு வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்பதால் சில்லறை வைத்திருங்கள். பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் மீதமுள்ள இடங்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துப் புறப்படலாம். நாங்கள் காத்திருந்தோம். அதற்குள் பறவைகளைப் படமெடுக்கும் இருவர் வந்து சேர, மலாயில் பேசிய முதிய படகோட்டி கையசைத்து எங்களை ஏற்றிக்கொண்டார். கால் மணி நேரத்திற்குள் தீவுக்குப் போய்விடலாம்.

உபின் தீவில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா ஈரநிலத்துக்குப் போகும் பாதை ஏற்ற இறக்கமும் சரளைக் கற்களும் நிறைந்தது என்பதால், பழக்கமில்லாதவர்கள் அவசரப்படாமல் தள்ளிக்கொண்டு போவதே பாதுகாப்பு. அக்காவுக்கு முழங்கால் வலி இருந்ததால் அவரும் சின்னவளும் வாடகை வேனில் வந்தார்கள். பெரியவர்களோடு வருபவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். செக் ஜாவாவில் ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நடைபாலம் கடலின் மீதும் அலையாத்திக் காட்டினூடாகவும் செல்கிறது. 20 மீட்டர் உயரமுள்ள ஜெஜாவி கோபுரத்தின் மேலேறினால் மர உச்சிகளை மேலிருந்து பார்க்கலாம். இந்தக் கரை இன்று இருப்பதே ஒரு பேறு. கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புக்காகக் குறிக்கப்பட்டிருந்த இடம் இது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எடுத்துச்சொன்னதன் பேரில் 2001 டிசம்பரில் அரசாங்கம் அத்திட்டத்தைத் தள்ளிவைத்தது. நடைபாலம் 2007இல் திறக்கப்பட்டது. தாழ் ஓதத்தில் போனால் பாலத்தில் நின்றபடியே ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகள் சேற்றில் அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டுவதைப் பார்க்கலாம். நீர் நிறைந்த நேரத்தில் போனால் வெறும் தண்ணீர்தான் தெரியும். அப்படிப் போய்விட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்பவர்களைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சுமார் 140 ஆண்டுகள் சிங்கப்பூரில் காணப்படாமலிருந்து 1994இல் இந்தத் தீவுக்குத் திரும்பிவந்த இருவாய்ச்சிகளும் இப்போது சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. உணவுப் பைகளைத் திறந்து வைக்காதீர்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் மோப்பம் பிடித்து வந்துவிடும். இரண்டுக்கும் உணவு கொடுப்பது குற்றமும்கூட.

செந்தோசாவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நீந்தத் தெரியாத சிறுவர்களை நீரில் விடுவதற்கு அதுவே ஏற்ற இடம், ஏனென்றால் சிலோசோ, பலாவான் கரைகளுக்கு முன்னே அமைத்த சிறு திட்டுகள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன. ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையப் பகுதியிலிருந்து நடைபாலம் வழியாகக் கட்டணமில்லாமல் நடந்தே போய்விடலாம்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை நாங்கள் மிதிவண்டிக்கென்றே வைத்துக்கொண்டோம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கரை முழுவதும் 1960களில் தொடங்கிய நிலமீட்பில் உருவானது. முன்பெல்லாம் இங்கே போக விரைவுச்சாலைக்கு அப்பால் இறங்கி நீண்ட தூரம் நடக்க வேண்டும். 2024 ஜூனில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை பேஷோர் வரை நீண்டபின், மரீன் பரேட், சிக்லாப் போன்ற நிலையங்களிலிருந்து சுரங்க நடைபாதை வழியாகச் சிறிது நேரத்தில் கரையை அடைந்துவிடலாம். அங்கே பெஞ்சில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, தாம் சிறுவனாக இருந்தபோது இன்றைய மரீன் பரேட் அடுக்குமாடிகள் நிற்குமிடம் கடலாக இருந்ததென்றும், காத்தோங் வீடுகளின் பின்வாசலில் இறங்கி மீன் பிடித்ததாகவும் சொன்னார். இந்தக் கரைக்கு முன்னால் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு ‘லாங் ஐலண்ட்’ என்ற புதுத் தீவை உருவாக்கும் திட்டம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டிருப்பதால், இன்று நாம் பார்க்கும் திறந்த கடலை நம் பிள்ளைகளுக்கு இப்போதே காட்டிவிடுவது நல்லது. ஆண்டு நடுவில் வருபவர்கள் ஒன்றை எதிர்பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் அடித்துக்கொண்டு வரும் குப்பை இந்தக் கரையில் அதிகமாக ஒதுங்கும்.

என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்த பயணம் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குச் சென்றதுதான். வடக்கு-தெற்கு ரயில் பாதையின் கடைசி நிலையமான மரீனா சவுத் பியரில் இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. வார இறுதியில் கூடுதல் படகுகள் ஓடினாலும் திரும்பும் படகின் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் படகை விட்டுவிட்டால் வேறு வழியில்லை. அங்கிருந்து தரைப்பாலம் வழியாக லாசரஸ் தீவுக்கு நடந்தால் பிறை வடிவில் வளைந்த வெண்மணல் கரை வருகிறது. நீந்துவதற்கு இதைவிடத் தெளிவான நீரை நான் சிங்கப்பூரில் பார்த்ததில்லை. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் கப்பல்கள் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கொட்டியபோது செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கரைகளோடு இந்தத் தென் தீவுகளும் பாதிக்கப்பட்டன. மணலைச் சுரண்டிச் சுரண்டித் துப்புரவு செய்தவர்களின் உழைப்பால்தான் இன்று அங்கே குளிக்க முடிகிறது.

படகில் எங்களுக்கு எதிரே ஒரு பெரியவர் பேத்தியோடு அமர்ந்திருந்தார். அத்தானின் பேச்சைக் கேட்டதும், ‘தம்பி, நாகப்பட்டினமா?’ என்றார். அவரும் சிறுவனாக இருந்தபோது தாயோடு நாகையில்தான் ரஜூலா கப்பலில் ஏறியிருக்கிறார். அங்கே கப்பல் கரைக்கு வராது; தோணியில் போய் நடுக்கடலில் ஏற வேண்டும் என்று அவர் சொல்ல, அத்தான் தம் தாத்தாவும் அதையே சொல்லக் கேட்டதாகச் சொன்னார். சிங்கப்பூரை அடைந்ததும், அறையில்லாமல் திறந்த தளத்தில் வந்த மேல்தளப் பயணிகளை நகருக்குள் விடாமல் நேராகச் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் கொண்டுபோய், துணிமணிகளை வாங்கி நீராவியில் வைத்து, மருந்து கலந்த நீரில் குளிக்கச் செய்து, காய்ச்சல் ஏதும் இல்லையென்று உறுதியான பிறகே அனுப்பினார்களாம். 1873இல் பரவிய வாந்திபேதிக்குப் பிறகு, 1874இல் அங்கே நோய்த்தடுப்புக் காவல் நிலையம் அமைக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள், சீனக் குடியேறிகள், ஹஜ் பயணிகள் எனப் பல்லாயிரவர் சிங்கப்பூர் மண்ணில் முதலில் கால் வைத்த இடம் அதுவே. பின்னாளில் நாட்டின் அதிபரான சி. வி. தேவன் நாயரை 1951இல் ஆங்கிலேயர் சிறை வைத்ததும் அங்கேதான். தீவில் இறங்கியதும் பெரியவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, தாம் தங்கியிருந்த கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்று எங்களுக்கும் சேர்த்துக் காட்டினார். நம் முன்னோர் இறங்கிய கரை இத்தனை அருகில் இருந்தும் நம் குடும்பங்கள் அங்கே போவதில்லையே என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. புளிச்சாதமும் தண்ணீரும் கட்டிக்கொண்டு ஒரு முழு நாளை அங்கே செலவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஜூன் விடுமுறையில் வருபவர்கள் இந்தத் திட்டத்தில் ஒரு மாற்றம் செய்துகொள்ள வேண்டும். ஆண்டு நடுவில் மிகத் தாழ்ந்த ஓதம் விடியலுக்கு முன்பே வந்துவிடுகிறது. அந்நேரத்தில் ரயிலும் பேருந்தும் ஓடாததால் சாங்கிக்கு டாக்சிதான் வழி. மேலும், சுமத்ரா புயல்காற்று அதே பருவத்தில் அதிகாலையில்தான் அடிக்கடி வீசும் என்பதால், முன்னிரவிலேயே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, காற்றெச்சரிக்கை இருந்தால் அடுத்த அமாவாசைக்குத் தள்ளிவைத்துவிடுங்கள்.