இறங்கியதும் கண்டதை அறிக்கையில் எப்படி எழுதுகிறீர்கள்?
தீயணைப்புத் துறை நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் ஒரு பிளாஸ்டிக் கிடங்கில் தீ. வண்டியை விட்டு இறங்கியபோது மேற்குச் சன்னல் வழியே கரும்புகை பீறிட்டுக்கொண்டிருந்தது. ஷட்டரின் பூட்டை நாங்கள்தான் அறுத்தோம். அறிக்கையிலோ "சென்றபோது தீ எரிந்துகொண்டிருந்தது" என்று மட்டும் எழுதிவிட்டேன். எரியாமலா நம்மை அழைப்பார்கள்! இப்போது காப்பீட்டு ஆய்வாளர், கதவு பூட்டியிருந்ததா, மின்சாரத்தைத் துண்டித்தது யார் என்று கேட்கிறார். நினைவை மட்டும் நம்பிப் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

குழாய் பிடித்த கையால் குறிப்பெடுக்க முடியாது. நீங்கள் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுக்கிறீர்களா, வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி நேரத்தோடு பதியவைக்கிறீர்களா? புகையின் நிறம், காற்றின் திசை, பூட்டின் நிலை எல்லாம் அடங்கிய படிவம் இருந்தால் பகிருங்கள். கண்டதோடு நிறுத்துவதா, ஊகித்த காரணத்தையும் சேர்ப்பதா என்று எங்கள் நிலையத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை.