ஒரே மாசத்துல 4 பேர் விழுந்துட்டாங்க, எங்க இருந்து சரி பண்ண ஆரம்பிக்கறது?

கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். 38 பெரியவங்க தங்கியிருக்கற ஒரு முதியோர் இல்லத்துல சூப்பர்வைசரா சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. போன மாசம் மட்டும் 4 பேர் கீழ விழுந்துட்டாங்க, அதுல ஒரு அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் வரைக்கும் போயிடுச்சு. அவங்க முகத்த பாத்துட்டு வந்ததுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல. நிர்வாகத்துல, அந்த ஷிப்ட்ல இருந்தவங்களுக்கு மெமோ கொடு, வராண்டா முழுக்க கேமரா மாட்டு, எல்லா கட்டிலுக்கும் பக்கவாட்டு கம்பி போடுனு சொல்றாங்க. ராத்திரி 38 பேருக்கு ரெண்டே பேர் தான் ஓடி ஓடி பாக்கறாங்க, அவங்களுக்கு மெமோ கொடுத்தா சரியாயிடுமா? ரெஜிஸ்டர எடுத்து பாத்தா "வழுக்கி விழுந்தார்"னு ஒரு வரி, அவ்ளோதான். அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க.

பதில் 1 (ரிட்டயர்ட் நர்ஸ்):

மெமோவ முதல்ல நிறுத்துங்கம்மா. நான் வேலை பாத்த இடத்துல அப்படித்தான் பண்ணாங்க, அடுத்த மாசம் விழுந்தவங்க எண்ணிக்கை குறைஞ்ச மாதிரி ரெஜிஸ்டர்ல தெரிஞ்சுது, உண்மையில யாரும் எழுதறத விட்டுட்டாங்க.

அந்த ஒரு வரிய மாத்துங்க. எத்தன மணி, எந்த இடம், என்ன பண்ண எழுந்தாங்க, கால்ல என்ன போட்டிருந்தாங்க, கடைசியா எப்ப பாத்ரூம் போனாங்க, மருந்து எதாவது புதுசா மாறுச்சா, இதெல்லாம் எழுதணும். விழப்போய் தப்பிச்சவங்களையும் எழுத சொல்லுங்க, அது ரொம்ப முக்கியம். எங்க இடத்துல இப்படி எழுத ஆரம்பிச்சப்ப தான் பாதிக்கு மேல விடியக்காலைல பாத்ரூம் போற வழியில விழறாங்கனு புரிஞ்சுது, தோண்டி பாத்தா நீர் மாத்திரைய, அதான் சிறுநீர் அதிகமா போக வைக்கற மாத்திரைய, சாயங்காலம் கொடுத்துட்டு இருந்திருக்கோம்! டாக்டர்கிட்ட கேட்டு அத காலைக்கு மாத்தினோம், 4 மணிக்கு ஒரு ரவுண்டு போய் நாங்களே எழுப்பி கூட்டிட்டு போனோம், நல்லாவே குறைஞ்சுது.

கம்பி விஷயத்துல அவசரப்படாதீங்க. மறதி நோய் இருக்கறவங்க அத தாண்டி இறங்க பாப்பாங்க, அப்ப இன்னும் உயரத்துல இருந்து விழுவாங்க, இடுக்குல தலையோ கழுத்தோ மாட்டி உயிர் போன கதையும் உண்டு. கட்டில தாழ இறக்கி, பக்கத்துல மெத்தை மாதிரி ஒண்ணு விரிச்சு வைங்க. விழுந்தவங்கள உடனே தூக்காதீங்க, எங்க வலிக்குதுனு பாத்துட்டு தூக்குங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க தலைல அடிபட்டா, நல்லா பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க.

பதில் 2 (பிசியோ):

மேல மேடம் சொன்னதோட ஒண்ணு. படுத்திருக்கும்போது பிரஷர் பாருங்க, நிக்க வச்சு 1 நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் பாருங்க, மேல் நம்பர் 20 இல்லனா கீழ் நம்பர் 10 இறங்குச்சுனா டாக்டருக்கு சொல்லணும், அவங்க எழுந்த வேகத்துல கண்ண இருட்டிட்டு வந்து விழறவங்க. தூக்க மாத்திரை லிஸ்டையும் டாக்டர மறுபடி பாக்க சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. விழுந்துடுவாங்கனு பயந்து நாள் முழுக்க நாற்காலில உக்கார வைக்கறது தான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், சில வாரத்துலயே தொடை சதை கரைஞ்சு அப்புறம் நிஜமாவே நிக்க முடியாம போயிடும்.

பதில் 3 (ஒரு மகள்):

எங்கப்பா இப்படி ஒரு ஹோம்ல விழுந்தாரு. எங்களுக்கு சொன்னது ரெண்டு நாள் கழிச்சு. விழுந்தது கூட பரவால்லங்க, மறைச்சது தான் இன்னும் ஆறல. அன்னிக்கே போன் பண்ணி நடந்தத நடந்தபடி சொல்லிடுங்க, கோவப்படுவோம் தான், ஆனா உங்கள நம்புவோம். இன்னொண்ணு, ஏம்ப்பா பெல் அடிக்கலனு கேட்டேன், படுத்துக்கிட்டே கைய நீட்டி காமிச்சாரு, சுவிட்சுக்கும் விரலுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்துச்சு. அத்தன மாசத்துல ஒருத்தர் கூட அந்த கட்டில்ல படுத்து பாக்கல.

கேள்வி கேட்டவர்:

அப்பாவ பத்தி எழுதின மேடம், நீங்க சொன்னத படிச்சுட்டு நேத்து 38 கட்டில்லயும் படுத்து பாத்தேன். 9 கட்டில்ல பெல் எட்டல. இடுப்பு உடைஞ்ச அம்மாவோட கட்டிலும் அதுல ஒண்ணு. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வரார். ராத்திரி ஸ்டாஃப்கிட்ட மெமோ கிடையாதுனு உறுதி சொல்லி உக்காந்து பேசினேன், 4ல 3 பேர் விடியக்காலை 4லருந்து 5க்குள்ள விழுந்திருக்காங்க, அந்த நேரத்துல அவங்க ரெண்டு பேரும் டயப்பர் மாத்தற ரவுண்டுல மறுகோடில இருக்காங்களாம். மூணாவது ஆள் கேட்டா நிர்வாகம் ஒத்துக்காது, என்ன பண்ணலாம்?

பதில் 1 (ரிட்டயர்ட் நர்ஸ்):

புது ஆள் கேக்காதீங்க இப்போதைக்கு. காலை ஷிப்ட்ல ஒருத்தர ரெண்டு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லி ரெண்டு மணி நேரம் முன்னாடியே அனுப்புங்க, யாருக்கு அந்த நேரம் ஒத்து வரும்னு அவங்ககிட்டயே கேளுங்க. ஒரு மாசம் இப்படி ஓட்டி எழுதி வைங்க, அந்த நோட்ட எடுத்துட்டு போய் ஆள் கேளுங்க. அந்த அம்மா திரும்பி வந்ததும் குதிகாலையும் இடுப்புக்கு கீழயும் தினமும் பாருங்க, விரலால அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையலனா அது படுக்கைப்புண்ணோட தொடக்கம்.