பாசறை மண்ணில் கிடைப்பது யாருக்குச் சொந்தம்?

உழவன்மகன்:
வர்ஜீனியாவின் பிராண்டி ஸ்டேஷனைச் சுற்றியுள்ள வயல்களில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 டிசம்பர் முதல் 1864 மே தொடக்கம் வரை வடக்கு அரசின் பொட்டோமாக் படை குளிர்காலப் பாசறை அமைத்திருந்தது. நில உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, சென்ற சனிக்கிழமை அங்கே மெட்டல் டிடெக்டருடன் நடந்தேன். ஒரு சாண் ஆழத்தில் வெண்மை பூத்த ஈயக்குண்டுகள் மூன்றும், கழுகு பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்றும் கிடைத்தன. குண்டுகளில் ஒன்றை, பொழுது போகாத சிப்பாய் யாரோ கத்தியால் செதுக்கிச் சதுரங்கக் காயாக்கியிருக்கிறார். ஆண்டுதோறும் ஏர் நொறுக்க, உரம் அரிக்க விடுவதைவிட இவற்றை எடுத்துக் காப்பது தவறா?

கீழடுக்கு:
சட்டப்படி தவறில்லை. 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் கூட்டாட்சி அரசின் நிலத்துக்கும் பழங்குடியினர் நிலத்துக்குமே உரியது. நான் கேட்பது வேறு. அந்த மூன்று குண்டுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் கிடந்தன? இரும்பாணிகள் அகப்பட்டிருக்குமே, அவற்றை என்ன செய்தீர்கள்? மரக்கட்டைகளை அடுக்கி, குச்சியும் களிமண்ணும் கொண்டு புகைபோக்கி எழுப்பிய குடில்களில் அவர்கள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். குடில் எங்கே நின்றது, கணப்பு எந்தப் பக்கம் எரிந்தது என்பதை உங்கள் பொத்தான் சொல்லாது, ஏலத்தில் விலைபோகாத அந்தத் துருப்பிடித்த ஆணிதான் சொல்லும்.

உழவன்மகன்:
ஆணிகளை வேலியோரம் வீசிவிட்டேன், மறைப்பதற்கில்லை. இரும்பின் ஒலி கேட்காதபடி கருவியைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் எங்களில் பலர் நடக்கிறோம். ஆனால் ஆய்வாளர்கள் இந்த வயலுக்கு எப்போது வருவார்கள்? அதற்குள் இங்கே வீட்டுமனை எழுந்துவிடாதா?

கீழடுக்கு:
அவர்கள் வரும்வரை கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. 1876-இல் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் படை பழங்குடியினரோடு மோதி மாண்ட லிட்டில் பிக்ஹார்ன் களத்தில், 1983-ஆம் ஆண்டுத் தீ புல்லை எரித்துத் தரையை வெளிக்காட்டியபின், மறு ஆண்டு தொல்லியலாளர்கள் உங்களைப் போன்ற டிடெக்டர் ஆர்வலர்களையே துணைக்கு அழைத்தார்கள். ஒலி எழுந்த இடத்திலெல்லாம் கொடி நட்டு, அளந்து குறித்த பிறகே பொருளை எடுத்தார்கள். தோட்டா உறைகளில் சுடும் ஊசி பதித்த தழும்புகளை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடிந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்ட குண்டால் அது முடியுமா?

மலைச்சாரல்:
இருவருக்கும் ஓர் எச்சரிக்கை: குறித்த வரைபடத்தை இணையத்தில் ஏற்றினால், அனுமதி கேட்கும் வழக்கமே இல்லாதவர்கள் இரவில் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். மாநில வரலாற்று வளத் துறையிடம் கொடுப்பதே நல்லது.

உழவன்மகன்:
ஒப்புக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமை அளவுநாடாவும் கொடிகளும் கொண்டுபோகிறேன். வேலியோரத்து ஆணிகளையும் பொறுக்கி வைக்கிறேன், அவை கிடந்த இடம் இனித் தெரியாவிட்டாலும். செதுக்கிய குண்டை மட்டும் யாருக்கும் தருவதாக இல்லை.

கீழடுக்கு:
அது எங்கே கிடந்தது என்பதையாவது நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள்.