புதுப்பிப்பு: கோ தாவில் பாதியில் விட்ட ஸ்கூபா பயிற்சி

போன மாதம் எழுதியிருந்தேன். முதுகுப்பையோடு தாய்லாந்து சுற்றியபோது கோ தாவ் தீவில் ஸ்கூபா (காற்றுக் கலனோடு கடலுக்குள் மூழ்குவது) கற்கச் சேர்ந்தேன், முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி மேலே வந்துவிட்டேன், காதும் வலித்தது, இரண்டாம் நாளே விட்டுவிட்டேன் என்று.

இப்போது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டில் இருக்கிறேன். பதில் எழுதிய அக்கா ஒருவர் சொன்னபடி, பேசின் நிறையத் தண்ணீர் வைத்து, மூக்கை மூடாமல் முகத்தை அமிழ்த்தி, ஸ்நோர்க்கல் குழாய் வழியாக வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகினேன். முதல் வாரம் பத்து விநாடிகூடத் தாங்கவில்லை. பாட்டி தினமும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது ஐந்து நிமிடம் நிதானமாக இருக்க முடிகிறது. மூக்கில் தண்ணீர் பட்டாலே மூச்சு நின்றுவிடும் என்ற பயம்தான் என்னை மேலே தள்ளியது. அது போய்விட்டது.

காது விஷயமும் புரிந்தது. பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரு மடங்காகிவிடும், அதுதான் காதை வலிக்கச் செய்கிறது. வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாகவே மெல்ல ஊத வேண்டும். அன்று எனக்குச் சளி வேறு. சளியோடு இறங்கவே கூடாதாம். பயிற்சியாளர் கேட்கவே இல்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, அடுத்து மீண்டும் ஸ்கூபா முயல்வது மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளில். பருவமழையில் அங்கே பெரும்பாலான தங்குமிடங்களை மூடிவிடுவார்கள், அதனால் மார்ச் வரை காத்திருக்கிறேன். அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.