கம்பெனியில் புதுமைக்கு நிஜமாகவே இடம் இருக்கிறதா? நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கப்பலூர் குவாலிட்டி
உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ. பேர் வேண்டாம். வாசலிலேயே கைசன் (ஊழியர்களே செய்யும் சின்னச் சின்ன முன்னேற்றம்) போஸ்டர், ஐடியா விருது வாங்கியவர்கள் படம். அப்புறம் ஷாப் ஃப்ளோரைச் சுற்றிக் காட்டினார்கள். மெஷினிலிருந்து பாகம் சரிந்து விழும் தகட்டில் ஒரு அண்ணன் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியிருந்தார், ஓரம் அடிபடாமல் இருக்க. கூட வந்த மேனேஜர், "நாளைக்கு ஆடிட், எடுத்துருங்க" என்றார். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பிளேடால் சுரண்டி எடுத்தார். அடுத்த பாகம் வெறும் தகட்டில் டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஆஃபர் வந்துவிட்டது, சேர மனசு வரவில்லை.

இலந்தைக்குளம் டெவலப்பர்
எங்கள் ஆபீஸ் ஹேக்கத்தானில் (குறுகிய நேரத்தில் புது டூல் உருவாக்கும் போட்டி) எங்கள் டீமுக்கு முதல் பரிசு. வாடிக்கையாளர் புகார்களைத் தானாகப் பிரித்து அனுப்பும் சின்ன டூல். மேடை, பெரிய அட்டைக் காசோலை, லிங்க்ட்இன் போஸ்ட் எல்லாம் ஆனது. திங்கட்கிழமை மேனேஜரிடம், நம்ம டீமிலேயே ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த ப்ராஜெக்ட் கோடுல டைம்ஷீட் போடுவீங்க?" என்றார். அதோடு முடிந்தது. அமெரிக்கக் கம்பெனியான த்ரீஎம்மில் (3M) வேலை நேரத்தில் 15 சதவீதம் சொந்த யோசனைக்கு என்று விட்டிருக்கிறார்கள். அங்கே ஸ்பென்சர் சில்வர் 1968-ல் கண்டுபிடித்த, லேசாக மட்டுமே ஒட்டும் பசை 1980-ல்தான் போஸ்ட்-இட் (ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டு) ஆக அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது. அத்தனை வருஷம் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

திருநகர் ஆடிட்டர் (ஓய்வு)
கப்பலூர் தம்பி, மேனேஜர் செய்தது சரி. ஆள், மெஷின், மெட்டீரியல், மெத்தட், இதில் எது மாறினாலும் ஃபோர் எம் சேஞ்ச் என்று எழுதி, சோதித்து, ஒப்புதல் வாங்கணும். ஆளாளுக்கு ஒட்டிக்கொண்டே போனால் நாளைக்கு வண்டியில் பிரச்சினை வரும்போது காரணம் பிடிக்க முடியாது.

நான் பார்த்தது ஒரு நூற்பாலையில். ரிங் ஃப்ரேம் சைடர் (நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர்) அம்மா என் முன்னாலேயே, "சார், ரிஜிஸ்டர்ல இருக்கிறதைவிட அதிகமா நூல் அறுகுது" என்றார். பக்கத்தில் நின்ற மாஸ்டர் முகம் சுளிக்காமல், "ஆமா, எழுதிக்கோங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

வேலை தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னென்ன புதுமை செய்தீர்கள் என்று கேட்காதீர்கள், விருதுப் பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். கடைசியாகத் தோற்றுப்போன யோசனை எது, அதைச் சொன்னவர் இப்போது எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்று கேளுங்கள். கீழ்மட்ட ஊழியர் மேலே கேட்காமல் எவ்வளவு ரூபாய் செலவு செய்யலாம் என்று கேளுங்கள். சொன்ன யோசனைக்கு, முடியாது என்றாவது, எத்தனை நாளில் பதில் வரும் என்று கேளுங்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல டீம்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே வாய்விட்டுச் சொல்ல முடிந்ததுதான் காரணம் என்கிறார். ஆகவே குறையே இல்லாத ரிஜிஸ்டரைக் காட்டினால் உஷாராக இருங்கள்.

பழங்காநத்தம் வாசி
ஆஸ்பத்திரி என்றதும் நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை யாரும் சொல்லவில்லையே! 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை என்று 1992-ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு அளவெடுத்தது, பயம் தெளியப் பேசியது, சொட்டு மருந்து விட்டது எல்லாமே அங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள். டாக்டர் நேரம் ஆபரேஷனுக்கு மிச்சமாகிறது. வேலையை இப்படிப் பிரித்ததும் புதுமைதானே? டெவலப்பர் தம்பி த்ரீஎம் வரை போகவேண்டியதில்லை.

கப்பலூர் குவாலிட்டி
ஆடிட்டர் ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் மேனேஜர் சொன்னதில் மிச்சமும் உண்டு: "ஆடிட் முடிஞ்சதும் மறுபடி ஒட்டிக்கோங்க."

திருநகர் ஆடிட்டர் (ஓய்வு)
அப்படியென்றால் நான் மேனேஜர் பக்கம் இல்லை தம்பி. அந்த ட்யூபுக்கு சேஞ்ச் ஃபார்ம் எப்போதாவது போட்டார்களா என்று ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். என்ன பதில் வருகிறதோ இங்கேயும் எழுதுங்கள்.