படிவம் 2 தமிழுக்கு வெப்குவெஸ்ட்: வெட்டி ஒட்ட முடியாதபடி அமைப்பது எப்படி?

பாயான் பாரு டீச்சர்:
வணக்கம். தேசிய இடைநிலைப்பள்ளி, படிவம் 2 தமிழ் வகுப்பு. 16 பேர், வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம். பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். "பினாங்கு கொடிமலையைப் பற்றித் தகவல் திரட்டிப் படைப்பு தயாரிக்கவும்" என்று ஒரு வெப்குவெஸ்ட் (ஆசிரியர் தரும் இணையப் பக்கங்களைப் படித்து மாணவர்கள் செய்யும் பணி) போட எண்ணம், 20 இணைப்புகளோடு. விக்கிப்பீடியாவை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எத்தனை வகுப்பு ஒதுக்கலாம்? இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பலன் உண்டா?

செந்தூல் வாத்தியார்:
டீச்சர், பணியையே மாற்றுங்கள். திரட்டச் சொன்னால் திரட்டத்தான் செய்வார்கள். எந்தப் பக்கத்திலும் நேர்விடை இல்லாத ஒரு முடிவை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரை வைத்தே ஒன்று:

மூட்டுவலி உள்ள பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை. 200 ரிங்கிட். கார் கிடையாது. கோம்தார் பேருந்து நிலையத்தில் புறப்பட்டு மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும். கொடிமலைக்குப் போவதா, தண்ணீர்மலைக் கோயிலுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் போவதா?

கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், பாட்டி என்ன செய்வார்? கொடிமலைக்கு ரயில் உண்டு, ஆனால் கட்டணப் பட்டியலைப் படித்தாக வேண்டும்: மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) உள்ளவருக்கு ஒரு விலை, மூத்தவருக்கு ஒரு விலை, வரிசையைத் தாண்டிப் போக வேறு விலை. அந்தப் பட்டியல் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கிறது, விடை தமிழில் எழுத வேண்டும். வெட்டி ஒட்ட இடமே இல்லை.

நான்கு பேர் கொண்ட நான்கு குழு. ஆளுக்கொரு பொறுப்பு: பாட்டியின் வசதி, செலவு, பேருந்தும் நேரமும், சாப்பாடு. முதல் வாரம் குழுவைக் கலைத்து, ஒரே பொறுப்புள்ள நால்வரைச் சேர்த்து உட்கார வையுங்கள். எழுத்துக்கூட்டுபவர் பக்கத்தில் நன்றாக வாசிப்பவர் இருப்பார். இரண்டாம் வாரம் சொந்தக் குழுவுக்குத் திரும்பி வாதாடி முடிவெடுக்கட்டும். மூன்றாம் வாரம் இரண்டு நிமிடப் பேச்சு. சொந்தக் குழுவில் ஒருவர் கையில் உள்ள தகவல் மற்றவரிடம் இருக்கக்கூடாது. இருந்தால் பேசவே மாட்டார்கள், தாளைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

வெப்குவெஸ்ட் முறையை 1995இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வகுத்த பெர்னி டாட்ஜே குறுகியதற்கு 1 முதல் 3 பாடவேளை, நீண்டதற்கு ஒரு வாரம் முதல் ஒரு மாதம் என்று பிரித்திருக்கிறார். வாரம் ஒரு வகுப்பு என்றால் குறுகியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது வாரத்தில் முதல் வாரம் வாசித்தது யாருக்கும் நினைவிருக்காது.

பட்டர்வொர்த் கணினிக்கூடம்:
20 இணைப்பு வேண்டவே வேண்டாம். பொறுப்புக்கு இரண்டு என்று எட்டு போதும். தயாரிப்பு நேரத்தில் பாதி இதற்கே போகும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையை முழுதாகக் கொடுத்தால் முதல் பத்தியிலேயே பாதி வகுப்பு நின்றுவிடும். தேவைப்படும் 120 சொல் அளவை மட்டும் எடுத்து, கடினச் சொற்கள் எட்டுக்குப் பொருள் போட்டு, மூலப் பக்கத்தின் இணைப்பைக் கீழே வையுங்கள்.

வழக்கமாகக் காலை வாரும் இடங்கள்:

- கூகுள் டிரைவ் கோப்பு உங்கள் கணக்கில் திறக்கும், மாணவரின் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கில் "அனுமதி கேள்" என்று வந்து நிற்கும். முந்திய நாளே ஒரு மாணவர் கணக்கில் திறந்து பாருங்கள்.
- கட்டணப் பட்டியல் உள்ள பக்கங்களின் முகவரி மாறும். வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் தளம்) ஒரு நகல் சேமித்து அந்த இணைப்பையும் கொடுங்கள். ஆனால் நகலில் இருப்பது பழைய விலை என்று எழுதிவிடுங்கள்.
- பழைய தமிழ்ப் பிடிஎஃப்கள் பல யூனிகோடில் (இன்றைய பொது எழுத்துக் குறியீடு) இருக்காது. திரையில் அழகாகத் தெரியும், நகலெடுத்தால் குப்பையாக விழும்.
- தட்டச்சு! கூடத்துக் கணினியில் எதையும் நிறுவ உரிமை இருக்காது. தமிழில் தட்டத் தெரியாத பிள்ளை ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிடம் எடுக்கும். தாளில் எழுதிப் படமெடுத்து ஏற்றட்டும், பாடம் தமிழ்தானே.

ஈப்போ ரோடு:
மறுப்பதாக நினைக்க வேண்டாம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் எட்டுப் பேரை இணையத்தில் விட்டால், தேடுவது மலாயில், பேசுவது ஆங்கிலத்தில், தமிழ் கடைசி ஐந்து நிமிடம். சாட்ஜிபிடியிடம் கேட்டால் பேருந்து எண்ணோடு பயணத் திட்டமே வந்துவிடும். இதற்குப் பேசாமல் அச்சிட்ட தாளையே கொடுத்துவிடலாமே?

செந்தூல் வாத்தியார்:
தாள் நல்ல மாற்றுத்தான் சார், இணையம் அறுந்தால் அதுதான் கைகொடுக்கும். ஆனால் பேச்சு தமிழில் நடக்காததற்கு இணையம் காரணமில்லை. சொல்ல வாக்கியம் கையில் இல்லாததுதான் காரணம். இரண்டாம் வாரம் மேசையில் ஓர் அட்டை: "…ஐவிட … மேல், ஏனென்றால் …", "மழை பெய்தால் …", "நீங்கள் சொல்வது சரி, ஆனாலும் …". ஆறு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். மலாயில் தேடட்டும், முடிவெடுக்கும் 15 நிமிடம் மட்டும் தமிழ் என்று வரம்பு கட்டுங்கள். டீச்சர் கேட்ட பலன் அங்கேதான் இருக்கிறது: "-ஆல்", "-ஆலும்" எல்லாம் இலக்கணப் பயிற்சியில் வராத வேகத்தில் வாயில் வரும், பாட்டிக்காகச் சண்டை போட வேண்டியிருப்பதால்.

சாட்ஜிபிடி திட்டத்தை நீங்களே அச்சிட்டுக் கொடுத்து, விலையையும் பேருந்து நேரத்தையும் அதிகாரப்பூர்வப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதுவே நல்ல பணி.

மதிப்பெண்ணில் பாதி மொழிக்கு இருக்கட்டும்: காரணம் சொல்லும் வாக்கியம், எதிர்க்கருத்துக்குப் பதில், சொல் தேர்வு. படம் ஒட்டுவதற்கும் எழுத்துரு அழகுக்கும் மதிப்பெண் வைத்தால் ஒரு மணி நேரமும் அதிலேயே கரைந்துவிடும்.

பாயான் பாரு டீச்சர்:
நன்றி சார். இரண்டாம் வாரம் ஒருவர் வராமல் போனால்?

பட்டர்வொர்த் கணினிக்கூடம்:
சாப்பாட்டுப் பொறுப்பைச் செலவோடு சேர்த்துவிடலாம் டீச்சர். பேருந்துப் பொறுப்பில் உள்ள மாணவர் வரவில்லை என்றால்தான் சிக்கல். முதல் வாரக் குறிப்புத் தாள்களை வீட்டுக்கு அனுப்பாமல் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவர் தாளை இன்னொருவர் எடுத்துப் பேசலாம்.